பொன்னி ஏர்வேஸ் பயணிகள் தரையிறங்கிய விதம்

அநீதிகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை தவறினால் எதிரி அந்த இடைவெளியில் புகுந்து தப்பிவிடுவான் என்பது, நாற்பது வருடம் பல கம்பெனிகளின் கேட்டுக்கு வெளியே நின்று தொழிற்சங்கத்துக்காகப் பேசி நான் கற்றுக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. சுவரொட்டியில் எழுத்துக்கூட்டி, துண்டுப்பிரசுரத்தில் வாக்கியம் படித்தவன். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

முதல் அநீதி, பொன்னி ஏர்வேஸ் எங்களை வேலைக்கு எடுத்தபோது எங்கள் பெயரைக் கேட்கவில்லை. திருச்சி விமான நிலையத்துக் கம்பிவேலியை ஒட்டியிருக்கும் வேலியோரம் என்கிற எங்கள் குடியிருப்பிலிருந்து இருபது பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு பித்தளை டோக்கனைக் கழுத்தில் மாட்டி, பயணிகளின் சாமான்களை ஏற்றி இறக்க விட்டது. நான் மூன்று. எனக்குப் பக்கத்தில் தூக்குபவன் பதினாலு. மேலாளர் அப்படிக் கூப்பிட்டார், பிறகு மேஸ்திரி கூப்பிட்டான், பிறகு நாங்களே ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டோம்.

இரண்டாவது அநீதி, சோறு தின்ன எங்களுக்கு நிழல் தரவில்லை. இறக்கையின் நிழலில் உட்கார்ந்து தின்றோம். விமானம் கிளம்பினால் நிழலும் கிளம்பிவிடும், மீதிச் சோற்றை வெயிலில் தின்போம்.

மூன்றாவது அநீதி, மலைக்கு அந்தப் பக்கத்துக் கடலோர நிலையத்தில் கம்பெனிக்குச் சுமையாட்கள் கிடையாது என்பதால், தினமும் எங்களில் ஒருவனை விமானத்தின் பின்பக்கச் சாமான் அறையில், வலைக்குப் பின்னால், பெட்டிகளோடு பெட்டியாக உட்காரவைத்து அனுப்பினார்கள். அவன் அங்கே இறக்கி, ஏற்றி, அதே விமானத்தில் திரும்ப வேண்டும். எடைத்தாளில் அவனைப் பயணி என்று எழுத முடியாது, சிப்பந்தி என்றும் எழுத முடியாது. விமானம் ஒரு பக்கம் சாயாமல் பறக்க மணல்மூட்டை வைப்பார்களே, அந்தக் கட்டத்தில், ‘பாரம், அறுபத்திரண்டு கிலோ’ என்று எழுதினார்கள்.

நான்காவது அநீதி, 1997 வைகாசி இருபத்தேழாம் தேதி நடந்தது. அன்று ஒரு கல்யாணக் கோஷ்டியின் வெள்ளிக் குத்துவிளக்கும் சீர்வரிசைத் தட்டுகளும் முறுக்குக் கூடைகளும் பின்னறை முழுவதையும் அடைத்துக்கொள்ள, பதினாலை முன்வயிற்று அறையில் போட்டு மூடினார்கள். உயரே போனால் அங்கே குளிர் உறையும், மூச்சுவிடக் காற்றும் போதாது. மறுமுனையில் கதவைத் திறந்தபோது அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே செத்திருந்தான்.

ஐந்தாவது அநீதி, விசாரணை. பயணிகள் பட்டியலில் அப்படியொருவர் இல்லை, சிப்பந்திகள் பட்டியலிலும் இல்லை, ஆகவே அப்படியொருவர் பயணம் செய்யவில்லை, பயணம் செய்யாதவர் பயணத்தில் இறந்திருக்க முடியாது என்று நாலு வரியில் அறிக்கை எழுதி, நிலைய மேலாளர் வேதநாராயணன் கையெழுத்துப் போட்டார்.

ஆறாவது அநீதி, எங்கள் போராட்டம் முடிவதற்குள் கம்பெனி செத்துப்போனது. ஒரு திங்கட்கிழமை காலை பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கொடியோடு போய் நின்றபோது திட்டுவதற்கு ஒரு காவலாளிகூட இல்லை.

ஏழாவது அநீதி, செத்துப்போன அந்தக் கம்பெனியை ஊர் நேசிக்க ஆரம்பித்தது. இந்தக் கதை அந்த ஏழாவதைப் பற்றியது.

உயிரோடு இருந்தவரை அதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. தாமதம் என்று திட்டினார்கள், சட்னி புளிக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். செத்த பிறகு அது தாமதமாக வரவே முடியாதல்லவா. வருடம் போகப் போக அதன் பெப்பர்மிண்ட் இன்னும் இனித்தது, முகம் துடைக்கக் கொடுத்த துண்டில் பன்னீர் இன்னும் மணத்தது, மேகத்துக்கு மேலே டவராவில் நுரை பொங்கக் கொடுத்த டிகிரி காபி ஒவ்வொரு வாயிலும் இன்னும் கொஞ்சம் சூடானது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பித்தளை ஸ்பூன் இருந்தது. எல்லாரும் விமானத்திலிருந்து சுருட்டியது, எல்லாரும் நினைவுப்பரிசு என்று சொல்லிக்கொண்டது. எங்கள் ஆள் ஒருவன் ஒரே ஒரு ஸ்பூனை எடுத்ததற்கு மூன்று நாள் வெளியே நிறுத்தப்பட்டான். அதை நான் வரிசையில் சேர்க்கவில்லை, சின்ன விஷயம்.

வேதநாராயணன் ‘பொன்னி குடும்பம்’ என்று ஒரு சங்கம் வைத்தார். பொன்னியில் பறந்தவர்கள் உறுப்பினர்கள். ஒவ்வொரு ஆடிப்பெருக்கன்றும், அதாவது பொன்னியின் முதல் விமானம் கிளம்பிய நாளில் கூடி, இட்லி தின்று, பொன்னியில் பறந்து, பின்னாளில் மறைந்தவர்களின் பட்டியலை எழுந்து நின்று வாசிப்பார்கள்.

அவர்தான் முதலில் எழும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பூனால் உப்புமாவைக் கிண்டிக்கொண்டே அந்தக் காபியை நினைத்தவர், நாற்காலியிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, தட்டையும் தூக்கிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார். அவர் மனைவி விசிறியை நிறுத்திவிட்டு, இறங்கி வந்தால் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை வைக்கட்டுமா என்று கேட்டாராம். அடுத்த வாரம் தில்லைநகரில் இரண்டு பேர், அதற்கடுத்த வாரம் கே.கே. நகரில் ஐந்து பேர். பொன்னியில் பறந்து, பொன்னியை ஆசையோடு நினைக்கிற யாரும் எழும்பினார்கள். வேறு விமானத்தில் போனவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவற்றை யாரும் ஆசையாக நினைப்பதில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் எழும்புகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழும்பினால் என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள். வீட்டு விசிறிகளுக்குக் கம்பிக்கூண்டு வந்தது. ஆட்டோக்காரர்கள், கூரை கிழியும் என்று, பொன்னிக்காரரா எனக் கேட்டுத்தான் ஏற்றினார்கள். கோயிலில் அவர்களுக்குத் தனி வரிசை, கர்ப்பக்கிருகத்துக்கு நேராக நின்று பழையதை நினைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மாமன்றத்தில், தன் வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் எழும்புகிறவருக்கு அனுமதி தேவையில்லை, சுவரைத் தாண்டினால் தேவை என்று தீர்மானம் போட்டார்கள். வேலியோரத்தில் தையல் மெஷின் வைத்திருந்த பவுனம்மாள், மீன் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டுகளை வேட்டிக் கரையிலும் புடவை ஓரத்திலும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பவுனம்மாள் யாரென்றால், பதினாலின் மனைவி. அவன் செத்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது.

கெட்டதை நினைத்தால் இறங்கலாம் என்பதையும் ஊரே கண்டுபிடித்தது. உத்தரத்தில் தலை முட்டி நின்ற ஒரு வக்கீலிடம், பொன்னி அவர் பெட்டியைத் தொலைத்ததை மைத்துனர் ஞாபகப்படுத்த, அவர் சோபாவில் தொப்பென்று விழுந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு மறுபடி வேலை. கீழே நின்று திட்டுவது. பொன்னியின் அழுக்கை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் என்பதால் எங்கள் வசவு நன்றாக வேலை செய்தது. மூட்டை தூக்கியபோது கிடைக்காத மரியாதை வைததற்குக் கிடைத்தது, மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். நானும் திட்டினேன். சம்பளத்துக்குத் திட்டுவது உப்பில்லாத வேலை.

ஆனால் ஆசை வசவைவிட வேகமாக வளர்ந்தது. மங்களவல்லி டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மகள் கல்யாணத்துக்குப் பொன்னியில் போனதை நினைத்து மாடியில் துணி காயப்போடும்போது எழும்பி, ஈயக்குண்டுகளையும் மீறி மிதந்து, மாத்தூர்த் தண்ணீர்த்தொட்டியின் மேல் கண்டெடுக்கப்பட்டார். அதன்பின் திட்டுவது போய், இடுப்பில் கட்டிக் கீழே நின்று பிடிக்கும் கயிறு வந்தது. எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும், பெட்டிக்குக் கட்டுவதைப் போல, பெயரும் முகவரியும் எழுதிய அட்டையைக் கட்டினார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தூக்கிப் பார்த்து எடை சொல்லும் கை எங்களுடையது. எவரை எத்தனை பேர் இழுத்தால் இறங்குவார் என்று கயிற்றைத் தொட்டதும் சொல்வோம்.

முப்பதாம் ஆண்டு விழாவுக்கு மண்டபத்துக் கூரை தாங்காது என்று, வேலியோரத்தை ஒட்டிய பொட்டலில் கூடத் தீர்மானித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு பவுனம்மாள் வேதநாராயணனிடம் போயிருக்கிறார். தைத்த வேட்டியைக் கொடுத்துவிட்டு, மறைந்தவர்கள் பட்டியலில் தன் வீட்டுக்காரரையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் மிகவும் மரியாதையாக, அம்மா, இது பொன்னியில் பறந்தவர்களுக்கான பட்டியல், உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் விதி ஒன்று இருக்கிறதே என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பவுனம்மாள் என்னிடம் வந்தார். நஷ்ட ஈடு கேட்கலாம், வழக்கை மறுபடி திறக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

“செத்தாருன்னு போட வேண்டாம் தலைவரே. பறந்தாருன்னு போடச் சொல்லுங்க. அது போதும். ஒங்க இருவது பேர்ல பறந்துக்கிட்டே போனது அவரு ஒருத்தருதான.”

ஆடிப்பெருக்கன்று சாயங்காலம் நாலு மணிக்கு, ஊர் முழுக்கக் காவிரிக்குப் போயிருந்த நேரத்தில், பொட்டலில் நூற்றுப்பதினோரு பேர் வெள்ளை வேட்டியும் பட்டுப்புடவையுமாக நின்று, வேதநாராயணன் கையைத் தூக்க, பித்தளை ஸ்பூனால் டவராவைத் தட்டிக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தக் காபியை, அந்தப் பன்னீரை, ஜன்னல் வழியே கீழே கொள்ளிடமும் காவிரியும் இரண்டு நூலாகப் பிரிந்து கிடந்ததை நினைத்து, புடவைத்தலைப்பு படபடக்க, வேட்டிநுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, பேரன் பேத்திகள் கைதட்ட, மெல்ல மெல்ல நாற்பதடி எழும்பி நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது நான் கையைக் காட்டினேன். கயிறு பிடித்த நூற்றுச்சொச்சம் பேரும், சுமைதூக்கிகளும் அவர்கள் பிள்ளைகளும் மருமகன்களும், கயிற்றை வேலியின் காங்கிரீட் தூண்களில் இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் காற்றோடு போய்விட மாட்டார்கள், ஒருவரும் இறங்கவும் மாட்டார்கள். வேலைநிறுத்தத்தில் எனக்குத் தெரிந்த சுத்தமான முடிச்சு அது.

ஒலிபெருக்கியில் கோரிக்கையைச் சொன்னேன்: பறந்தவர் பட்டியலில் பதினாலையும் வாசி, இழுக்கிறோம். மேலிருந்து முதலில் சிரிப்பு வந்தது. இறங்க ஆசைப்பட்டால்தானே இழுக்க வேண்டும் என்று ஒரு வக்கீல் குரல் கொடுத்தார். பிறகு ஆடிக்காற்று பிடித்தது. கயிறுகள் கிழக்கே சாய்ந்தன. நூற்றுப்பதினோரு பேரும் வேலிக்கு மேலாக, ஓடுபாதையின் பக்கமாகச் சரிந்தார்கள். அடிவயிற்றில் காற்று அடிக்கிறது, மாத்திரை நேரம், மூத்திரம் முட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கோரிக்கைகள் மேலிருந்து வர ஆரம்பித்தன. கோரிக்கை வைப்பது எப்படி இருக்கும் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜீப்பில் ஓர் உதவி ஆய்வாளர் வந்தார். ஐந்தேகால் விமானம் இறங்க முடியாமல் ஊருக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, உடனே இழுங்கள் என்றார். கயிற்றை இழுக்காமல் உட்கார்ந்திருப்பது எந்தச் சட்டப்பிரிவில் குற்றம் என்று கேட்டேன். அவர் போனில் யாரையோ கேட்டார், அவர் வேறு யாரையோ கேட்டார். இவரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

வேதநாராயணன்தான் எல்லாரையும்விட உயரத்தில் இருந்தார். கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்.

“என்ன மூணு, விளையாடறியா? கயித்த இழுக்கச் சொல்லு.”

இருபத்தைந்து வருடத்துக்கு முன் மூடிப்போன கம்பெனி, நாற்பதடி உயரத்திலிருந்து இன்னும் என்னை எண்ணால் கூப்பிட்டது. காலையில் அச்சடித்த துண்டுப்பிரசுரக் கட்டை எடுத்து உதவி ஆய்வாளருக்கு ஒன்று, டீக்கடைக்காரருக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று விநியோகித்தேன். தலைப்பு நன்றாக வந்திருந்தது: ‘டோக்கன் எண் 14-ஐ மறைக்காதே! வரலாற்றைத் திருடாதே!’

பவுனம்மாளும் ஒன்றை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இதுலயும் பதினாலுதானா?”

எனக்குப் புரியவில்லை.

“அவருக்குப் பேரு இருக்கு தலைவரே. இருவத்தாறு வருசமா நோட்டீசு போடுறீங்க. ஒரு தடவ வீட்டுக்கு வந்து, ஒம் புருசன் பேரு என்னன்னு கேட்டீங்களா?”

அந்த இருபத்தாறு வருடத்தில் நான் போட்ட ஒவ்வொரு பிரசுரமும் வரிசையாக என் கண்முன் வந்தது. டோக்கன் எண் 14-க்கு நீதி. டோக்கன் எண் 14-ன் ரத்தம் வீண்போகாது. ஒரே தட்டில் சோறு தின்றிருக்கிறோம், ஒரே பெட்டியை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கியிருக்கிறோம். பதினாலு, பீடி இருக்கா. பதினாலு, அந்தப் பக்கம் தூக்கு. கம்பெனி மாட்டிய பித்தளையை நான் அச்சில் ஏற்றி ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறேன். வரிசையில் இது எட்டாவது. மற்ற ஏழுக்கும் எதிரியின் பெயர் எனக்குத் தெரியும். எட்டாவதற்கும் தெரியும், சூ. அடைக்கலம், அதாவது நான்.

ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தேன். தெரியாது என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் உட்கார்ந்திருந்த நூற்றுச்சொச்சம் பேருக்கும் கேட்டது. அவர்களில் ஒருவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பவுனம்மாள் பெட்டிக்குக் கட்டும் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பேனா வாங்கி, மெஷின் மிதித்துக் காய்த்த காலை மடக்கி உட்கார்ந்து, தொடையில் வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் யாரிடமும் காட்டவில்லை. வேதநாராயணனின் கயிற்றில் அட்டையை வளையம் போட்டு மாட்ட, கீழிருந்து எங்கள் ஆட்கள் கயிற்றைச் சுண்டிச் சுண்டி விட, அது பட்டத்துக்கு அனுப்பும் காகிதத்தைப் போல, காற்றில் தடதடவென்று ஏறி அவர் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் எடுத்தார், பார்த்தார், கையை மடக்கிக்கொண்டார். இது விதிக்குப் புறம்பானது என்று கத்தினார். பட்டியலில் பெயர் இல்லாதவர் பறந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார். அந்த நாலு வரியை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அப்போது அவருக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த மங்களவல்லி டீச்சர், அது எந்தத் தேதி என்று கேட்டார். வகுப்பில் கேட்கிற குரல். கீழே எல்லாருக்கும் கேட்டது. நான் எழுந்து நின்று சொன்னேன்: 1997, வைகாசி இருபத்தேழு, காலை விமானம். பின்னறையில் ஒரு கல்யாணக் கோஷ்டியின் சீர்வரிசை, அதனால் ஆளை முன்னறையில் போட்டார்கள்.

அது டீச்சர் வீட்டுக் கல்யாணம். அவரை மாத்தூர்த் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது அந்தக் காலைதான். மகளுக்குத் தலைவாரிவிட்டது, சம்பந்தி வீட்டுக்கு ஒரு முறுக்குகூட உடையாமல் போய்ச் சேர்ந்ததை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

“சாமான் பத்திரமா வருமான்னு உங்கள்ட்ட ரெண்டு தடவை கேட்டேன் சார்,” என்றார் வேதநாராயணனைப் பார்த்து. “ரொம்பப் பத்திரமா வரும்னீங்க. வாசிங்க.”

வேதநாராயணன் கையைப் பிரித்தார். அட்டையைக் கண்ணருகே பிடித்தார், தூரப் பிடித்தார். எடைத்தாளில் தான் எழுதிய அறுபத்திரண்டை அவர் அப்போது நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தவன் நான், கயிறு தொய்ந்தது, மேலே ஆள் கனத்துவிட்டார்.

வரிசை தவறக் கூடாது என்று சொன்னவன் நான்தான். இந்த ஓரிடத்தில் தெரிந்தே தவறுகிறேன். பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். யாரும் யாரையும் இழுக்கவில்லை. முதலில் டீச்சரின் கால் தரையைத் தொட்டது. பிறகு ஒவ்வொருவராக, ஆடி மாதத்து முதல் தூறல்போல அவசரமில்லாமல், நூற்றுப்பதினோரு பேரும் இறங்கினார்கள். வேதநாராயணன் கடைசியாக இறங்கி, செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு நின்றார். நான் அவரை மன்னிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றோடு ஊரில் யாரும் எழும்பவில்லை. ஈயக்குண்டுகளைப் பிரித்து எடுக்கும் வேலை பவுனம்மாளுக்கு நாலு மாதம் இருந்தது. ஐந்தேகால் விமானம் ஆறு மணிக்கு இறங்கியது.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். கீழே சாட்சியாக நின்றவர்கள்: தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்த உதவி ஆய்வாளர் ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர், பேரப்பிள்ளைகள், எழுந்து நின்றுவிட்ட கயிற்றுக்காரர்கள், நான், எனக்கு ஒரு முழம் முன்னால், அண்ணாந்து பார்த்தபடி, பவுனம்மாள். மேலே வேதநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருடாவருடம் பட்டியல் வாசிக்கும் அதே குரலில், பொன்னி ஏர்வேஸில் பறந்தவர் என்று தொடங்கி, அட்டையிலிருந்ததை எழுத்து விடாமல் வாசித்தார்:

“சின்னக்காளை மகன் செவ்வந்திலிங்கம்.”